சிறை முகாமும் ஒரு சிவப்பு ரோஜாவும்

போர்ச் செய்திகளை எழுதியே நரைத்துப்போனவன் நான். ஆதலால், பூச்செடியின் வரலாற்றைப் படித்தாலும் என் கண் போரின் தடத்தையே தேடும். அவ்விதம் தேடியபோது அகப்பட்டதே 'ஃபிரென்ஷாம்' என்னும் செந்நிற ரோஜாவின் கதை.

இது புளோரிபண்டா வகையைச் சேர்ந்தது. டென்மார்க்கின் போல்சன் குடும்பத்தினர், கொத்தாகப் பூக்கும் பொலியந்தா ரோஜாவைப் பெரிய மலர்களையுடைய ஹைபிரிட் டீ இனத்துடன் கலந்தனர். 1924இல் வெளிவந்த 'எல்சே போல்சன்' அம்முயற்சியின் புகழ்பெற்ற பேறு. வடபுலக் குளிரைத் தாங்கி, கோடை முழுவதும் கொத்துக் கொத்தாகப் பூப்பதே இவ்வகையின் சிறப்பு.

இனி இரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒருவர் ஜேர்மானியரான வில்ஹெல்ம் கோர்டெஸ். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் நண்பர் ஒருவருடன் நாற்றுப்பண்ணை தொடங்கினார். 1914இல் போர் மூண்டது. பகை நாட்டவர் என்பதனால் மான் தீவு முகாமில் அடைக்கப்பட்டார். பண்ணை போயிற்று. ஆயினும் மனம் சோராமல், முகாமுக்குள்ளேயே ரோஜா இனக்கலப்பு பற்றிய நூல்களைக் கற்றார். தாயகம் மீண்டபின் 1935இல் அவர் தந்த கருஞ்சிவப்பு ரோஜாவே 'கிரிம்சன் குளோரி'.

மற்றவர் ஆங்கிலேயரான அல்பேர்ட் நோர்மன். தொழிலோ வைரம் பதித்தல். ரோஜா வளர்ப்பு அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் ஒரு புளோரிபண்டா நாற்றைக் 'கிரிம்சன் குளோரி'யுடன் கலந்தார். இரு நாடுகளும் மீண்டும் போரிட்ட காலத்திலேயே, 1943இல், அந்தப் புதுச்செடி தேசிய ரோஜாச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்றது. போர் ஓய்ந்தபின் 1946இல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரான ஃபிரென்ஷாம், கோர்டெஸ் பண்ணையை இழந்த அதே சரே மாவட்டத்து ஊர்தான்!

பின்னாளில் இங்கிலாந்தில் சாம்பல் நோய் இதனை வாட்டியது. எனினும் நல்ல வெயிலும் காற்றோட்டமும் நீர் தேங்காத மண்ணும் கிடைத்தால் இன்றும் இது செழித்து வளரும். வாடிய கொத்துகளை நறுக்கிவிட்டால் மீண்டும் துளிர்த்துப் பூக்கும்.

முள்வேலிக்குள் ஒருவர் கற்ற கல்வி, அவரைச் சிறைவைத்த நாட்டின் தோட்டங்களிலேயே பூத்தது. குண்டுகள் எண்ணிய பகையை மகரந்தம் எண்ணவில்லை. போர் எழுதிய கைக்கு இச்சிறு செய்தியையும் எழுதக் கிடைத்ததில் ஓர் ஆறுதல்.