ஆற்றோடு போன ஏடுகள்

தகப்பனாருடைய வருஷாப்திகம் முடிந்த மறுவாரம், காவிரிக் கரையிலுள்ள எங்கள் பூர்விக வீட்டைக் காலி செய்து கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிட்டமையால், தமையனாரும் தமக்கையாரும் நானும் கூடி, ஐம்பது வருஷங்களாக அவர் கை பட்டுப் பழகிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து வைக்கத் தொடங்கினோம். வேஷ்டிகளும் சால்வைகளும் வயலைப் பார்த்துவந்த குடும்பத்துக்குப் போயின. பித்தளைப் பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டோம். சாய்வு நாற்காலியை எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை யாருக்குக் கொடுப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தமக்கையார் அதை ஒன்றும் பேசாமல் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பழைய காகிதங்களும் நோட்டுப் புத்தகங்களும் நிறுத்து வாங்குகிறவருக்காகத் திண்ணையில் கட்டாகக் கட்டி வைக்கப்பட்டன. இவற்றிலெல்லாம் மனம் கலங்கியதுண்டு. செய்வது சரிதானா என்ற சந்தேகம் எழவில்லை. அது எழுந்தது, கூடத்துப் பரணிலிருந்து பலாமரப் பெட்டி ஒன்றை இறக்கியபோது.

பெட்டிக்குள் நான்கு ஏட்டுச் சுவடிகள் இருந்தன. அவை எங்கள் பாட்டனாருடையவை. அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவர். வருஷந்தோறும் சரஸ்வதி பூஜையன்று அந்தப் பெட்டியை இறக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் புனர்பூஜை ஆனதும் பரணில் ஏற்றிவிடுவதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோம். ஆனால் கயிற்றை அவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவர் எங்கள் தலைமுறையில் ஒருவருமில்லை. தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்த எங்கள் அத்தை, தகப்பனாரின் மூத்த சகோதரி, ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "அதைப் பிரிக்க வேண்டாம் தம்பி. பதினெட்டாம் பெருக்கு வருது. மஞ்சள் குங்குமம் வச்சு ஆத்துல விட்டுடுங்க. எங்க அப்பாவும் அவர் தகப்பனார் ஏட்டை அப்படித்தான் விட்டார்."

அத்தை சொன்னதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குப்பையில் எறியத் தகாத பொருளை ஆற்றினிடம் ஒப்படைப்பது இந்த நாட்டின் நெடுநாளைய ஆசாரம். இறந்தவருடைய அஸ்தி ஆற்றுக்குப் போகிறது. பின்னமுற்ற விக்கிரகம் நீருக்குப் போகிறது. ஆடிப்பெருக்கன்று, புதுமணத் தம்பதிகள் தங்கள் கல்யாண மாலைகளைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து காவிரியில் விடுகிறார்கள். சுமங்கலிப் பெண்கள் காவிரித் தாய்க்கென்று காதோலையும் கருகமணியும் விடுகிறார்கள். காதோலை என்பது சுருட்டிய பனையோலைதானே. உபயோகம் தீர்ந்தும் மரியாதை தீராத பொருள்களுக்கு நதியே உரிய இடம் என்று நம்பிய ஜனங்கள், சரஸ்வதியின் வடிவமாகப் போற்றிய ஏட்டை வேறு எங்கே விடுவார்கள்? மேலும், ஏட்டையும் நீரையும் சேர்த்து நினைப்பது தமிழர்களுக்குப் பழகிய விஷயம். மதுரையில் நடந்த வாதத்தில் சமணர்கள் இட்ட ஏடுகளை வைகை அடித்துச் சென்றதென்றும், ஞானசம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிக் கரை சேர்ந்ததென்றும் சைவ உலகம் சொல்லி வருகிறது; அது கரை சேர்ந்த ஸ்தலமே திருவேடகம் என்பர்.

ஆனால் இந்த ஆசாரத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்பதையும், முதற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டதே நமக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்பதையும் விளங்கிக்கொள்ள, ஓலையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பனையோலையைப் பதமாக நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து, ஒரே அளவாக வாரி, இருபுறமும் துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்னும் ஆணியைச் செருகி, மற்றதில் கயிற்றைக் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடியாகும். கயிறு துளையை விட்டு நழுவாதபடி அதன் நுனியில் முடியும் ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக் கரியையோ கோவையிலைச் சாற்றையோ மஞ்சளையோ தடவி மையாடினால்தான் கீறலில் நிறம் நின்று துலங்கும். ஏட்டின் இடையிடையே வசம்பும் வேப்பிலையும் வைத்துப் பூச்சியைத் தடுப்பார்கள். இவ்வளவு பிரயாசைப்பட்டும், நமது வெப்பத்திலும் மழை ஈரத்திலும், செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பி ஓர் ஏடு முந்நூறு வருஷம் நிற்பது அரிது; பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே நொறுங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே, ஒரு நூல் வாழவேண்டுமானால், அது எழுதப்பட்ட ஏடு சாவதற்கு முன் அதைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதிவிட வேண்டும். சங்க காலத்துப் பாட்டுக்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான். இடையில் எத்தனை ஏடுகள் மாறின, எத்தனை கைகள் எழுதின என்பதற்குக் கணக்கில்லை. மடங்களும் அரண்மனைகளும் எழுதுவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தன. புலவர்களின் வீடுகளில் மாணாக்கர்கள் பாடம் கேட்பதும் படியெடுப்பதும் ஒரே காரியமாக நடந்தன. புதுப்பிரதி எழுதி முடித்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே, சிதைந்துபோன பழைய ஏட்டை மரியாதையாக ஆற்றிலோ அக்கினியிலோ சேர்த்தார்கள். நூல் உயிர் என்றால் ஏடு உடம்பு. உயிர் வேறோர் உடம்பில் புகுந்த பின் பழைய உடம்புக்குச் செய்யும் கிரியையே ஆடிப்பெருக்கில் நடந்தது.

அந்தச் சங்கிலி அறுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1835-ஆம் வருஷத்துச் சட்டத்தின்பின் இந்நாட்டவர் அச்சுக்கூடங்களைத் தாராளமாக நடத்தத் தொடங்கினர். நாளடைவில் காகிதமும் ஸ்லேட்டும் பள்ளிக்கூடங்களுக்கு வந்தன. ஓலை வாருகிறவனுக்கும் எழுத்தாணி அடிக்கிற கருமானுக்கும் வேலை குறைந்தது. வாத்தியாருடைய மகன் உத்தியோகத்தை நாடிப் பட்டணம் போனான். அவனுக்கு அச்செழுத்து வாசிக்கத் தெரியும். ஏட்டெழுத்து வாசிக்கத் தெரியாது. குத்தினால் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலும், காலுக்கும் ரகரத்துக்கும் பேதமில்லாமலும், சீர் பிரிக்காமலும் எழுதியிருக்கும் ஏட்டைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தகப்பன் இறந்தபின் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்த மகனுக்கு அது புரியாத பொருள். ஆனால் புனிதமான பொருள். எறியவும் அஞ்சினான், வைத்துக்கொள்ளவும் இடமில்லை. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் ஞாபகத்தில் இருந்தது. எழுதி வைத்த பிறகு விடுவது என்பது போய், எழுதாமலே விடுவது என்று ஆயிற்று. அலட்சியத்தால் அழிந்த ஏடுகளைவிடப் பக்தியால் அழிந்தவை குறைவல்ல என்பது என் அபிப்பிராயம்.

இந்த நஷ்டத்தை நேரில் கண்டவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1880-ஆம் வருஷம் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததன் விளைவாகச் சீவக சிந்தாமணியில் இறங்கி, 1887-இல் அதை அச்சிட்டு, அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வெளிப்படுத்திய அவர், சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது கண்டவற்றை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், சந்ததியின்றி மறைந்த பாண்டிய வம்சத்து அரசர் ஒருவருடைய ஏடுகள் சேர்ந்திருந்தனவென்று கேள்வியுற்று அங்கே சென்றார். சிதிலமான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம விதிப்படி ஹோமம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வக்கீல் ஒருவர் வீட்டிலோ, வண்டிக்கணக்கில் இருந்த சுவடிகளை ஆடிப் பதினெட்டில் நீரில் விட்டாயிற்று என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இருந்த காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் வளையாபதி ஏட்டைத் தாம் கண்ணாற் கண்டதாகவும், பிற்காலத்தில் தேடியபோது அது அகப்படவில்லையென்றும் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து மறைந்திருக்கிறது. அவருக்கு முன்பே இந்தப் பணியைத் தொடங்கிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும், எடுக்கும்போதே ஓரம் ஒடிந்து, அவிழ்க்கும்போதே இதழ் முரியும் ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரையில் சொல்லி வருந்தினார்.

அத்தையின் தீர்ப்பை மீறி நாங்கள் கயிற்றை அவிழ்த்தோம். அவிழ்த்தோம் என்பதுகூடச் சரியல்ல. தமையனார் தொட்டவுடன் கயிறு தானாகவே இற்று விழுந்தது. வசம்பின் நெடி இன்னும் இருந்தது. முதற்சுவடி எண்சுவடி: முந்திரியில் தொடங்கி, அரைக்காணி, காணி, மா என்று ஏறிச் செல்லும் கீழ்வாய் இலக்கமும் நெல்லிலக்கமும். முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. ஏழு வயதுப் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் சொன்ன ஊர் இது. 1957-இல் தசாம்ச நாணயம் வந்தபோது அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கிழவர்களாகியிருந்தார்கள். இரண்டாவது ஒரு நிகண்டு. மூன்றாவது குழந்தை வைத்தியத்துக்கான வாகடம். அதன் கடைசி ஏட்டில், யுவ வருஷம் எழுதி நிறைந்தது என்றும், குருவே துணை என்றும் காணப்பட்டது. யுவ வருஷம் அறுபதாண்டுக்கு ஒருமுறை வருவதாகையால், அது 1815-ஆ, 1875-ஆ என்று அந்த ஏட்டை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. நான்காவது சுவடியைச் செல் அரித்திருந்தது. அது குடும்பக் கணக்கு. நெல் அளந்தது, கடன் கொடுத்தது, யாரோ ஒரு பெண்ணுக்குச் சீர் செய்தது.

இவற்றை நாங்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, சட்டென்று ஊஞ்சலை நிறுத்தி, "எங்க அப்பா சும்மா விடலையே. ராத்திரி ராத்திரியா அரிக்கன் விளக்கு வச்சுக்கிட்டு நோட்டுல எழுதுவார். எழுதி முடிச்சதைத்தான் ஆத்துல விட்டார்" என்றார்.

தமையனார் எழுந்து திண்ணைக்குப் போனார். எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த காகிதக் கட்டை அவிழ்த்து, பழைய வரவு செலவு என்று நாங்கள் எண்ணியிருந்த நீளமான நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். ஊதா மசியில், சாய்வில்லாத சின்ன எழுத்தில், பாட்டனார் படியெடுத்த பக்கங்கள். முதலில் மாரியம்மன் தாலாட்டு, பிறகு ஒரு சோதிட நூல். இவற்றின் ஏடுகள் பெட்டியில் இல்லை, ஆற்றுக்குப் போய்விட்டவை அவைதாம். அதன்பின் வாகடம் தொடங்கி, பதினேழாம் ஏட்டோடு நிற்கிறது. மற்றப் பக்கங்கள் வெறுமை. பெட்டியில் எஞ்சியிருந்தவை அவர் எழுதி முடிக்காதவை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தகப்பனார் அந்த நோட்டை ஒருநாளும் எங்களுக்குக் காட்டியதில்லை, ஆனால் எறிந்துவிடவுமில்லை.

வாகடம், நிகண்டு, எண்சுவடி மூன்றையும் சுவடிகளைப் பாதுகாக்கும் நூலகம் ஒன்றில் ஒப்படைத்தோம். அவர்கள் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, படம் பிடித்துப் பிரதி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். கணக்குச் சுவடியில் வாசிக்க முடிந்தது பதினோரு ஏடு. ஏட்டெழுத்தில் பழகிய தமிழாசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு, பாட்டனார் விட்ட வெற்றுப் பக்கங்களிலேயே தமக்கையார் அவற்றை எழுதினார். அடுத்த ஆடிப்பெருக்கில், தூளாகிப்போன மிச்சத்தை மஞ்சள் துணியில் முடிந்து படித்துறைக்கு எடுத்துச் சென்றோம். அத்தை கையால் அது காவிரியில் விடப்பட்டது.

தாய் தந்தையர் வாழ்ந்த வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் ஏடு இருந்தால், கயிற்றை இழுக்காமல், நீரோ எண்ணெயோ படாமல், வெள்ளைத் துணியில் தளரச் சுற்றி வையுங்கள். தஞ்சையில் சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் சாமிநாதையர் நூல்நிலையமும் இருக்கின்றன. ஆற்றுக்குப் போவதற்கு முன் அவற்றில் ஏதேனும் ஓரிடத்துக்கு எழுதுங்கள். பழைய பேப்பர்க் கட்டையும் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.