அண்ணன் கட்டிய ஃபீஸும் என் பெயரில் உள்ள வீடும்

"வீடு உங்க பேர்லதானே இருக்கு? காலி பண்ணச் சொல்ல என்ன தயக்கம்?" என்று மனைவி போன மாதம் கேட்டாள். திருமங்கலத்தில் 2011இல் நான் லோன் போட்டு வாங்கிய வீடு. வாங்கிய நாள் முதல் அண்ணன் குடும்பம்தான் அதில் இருக்கிறது. வாடகையும் இல்லை, எழுதிக்கொண்டதும் இல்லை. இப்போது மகள் படிப்புக்காக விற்க வேண்டிய நிலை. அண்ணனோ, "இது நம்ம வீடுடா, எங்க போகச் சொல்ற?" என்கிறார்.

வக்கீல் நண்பர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அண்ணன் வாடகைதாரர் இல்லை. என் அனுமதியில் இருப்பவர். 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் இதைத்தான் 'லைசென்ஸ்' என்கிறது. நோட்டீஸ் கொடுத்து அனுமதியை ரத்து செய்யலாம், போகாவிட்டால் சிவில் கோர்ட். ஆள் வைத்து சாமானைத் தூக்கி வெளியே போடுவது மட்டும் கூடாது. போட்டால், 1963ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் அவர் என் மீதே வழக்குப் போடலாம்.

சரிதான். ஆனால் அந்த "நம்ம வீடு" என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியேற்றுவதற்கு முன்னால் அது 'என்' வீடாக இருக்க வேண்டுமே. அது எப்போது என் வீடானது என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

பழைய இந்து சட்டத்தில், குடும்பப் பணத்தில் சிறப்புக் கல்வி கற்றவனின் சம்பாத்தியம் குடும்பத்துக்கே பொது. எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் கணக்கில் வராது. தொழிலுக்கான படிப்புதான் சிக்கல். ஆங்கிலேயர் காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பெருகியபோது இது பெரிய தலைவலியானது. ஊரில் இருந்த சகோதரன், பட்டணத்தில் இருந்தவன் வாங்கிய வீட்டில் பங்கு கேட்டான்.

இதை மாற்ற முதலில் முயன்றது நம் சென்னைதான். 1890களில் புகழ்பெற்ற வக்கீல் வி. பாஷ்யம் ஐயங்கார் சென்னை சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். கூட்டுக் குடும்பம் சிதறிவிடும் என்று பலத்த எதிர்ப்பு. கடைசியில் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

1921இல் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குடும்பப் பணத்தில் படித்து ஐ.சி.எஸ். ஆனவரின் சம்பாத்தியமும் குடும்பச் சொத்துதான் என்றது. இத்தனைக்கும் பரீட்சை எழுதித் தேறியது அவருடைய சொந்தத் திறமை! படித்த வர்க்கம் அதிர்ந்தது. எம்.ஆர். ஜெயகர் மத்திய சட்டசபையில் விஷயத்தைக் கையிலெடுத்தார். 1930இல் இந்து கல்வி ஆதாயச் சட்டம் வந்தது. படிப்புச் செலவைக் குடும்பம் ஏற்றது, படிக்கும்போது சோறு போட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவனின் சம்பாத்தியம் பொதுச்சொத்து ஆகிவிடாது என்று அது சொல்கிறது. ரொம்பச் சின்னச் சட்டம். இந்தியாவில் படித்துச் சம்பாதித்து வீடு வாங்கிய லட்சக்கணக்கான தம்பிகளின் பத்திரத்துக்குப் பின்னால் அது சத்தமில்லாமல் நிற்கிறது.

அந்தத் தம்பிகளில் நானும் ஒருவன். 90களில் என் பி.இ. ஃபீஸ் பூர்வீக நிலத்தின் பருத்தி வருமானத்தில் கட்டியது. அப்போது பாகம் பிரிக்கவில்லை. ப்ளஸ் டூவோடு நின்று அந்தப் பருத்தியை விளைவித்தவர் அண்ணன். 1930க்கு முன்னால் என்றால், வீட்டில் பங்கு கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. பழைய சட்டம் சொன்னதை "நம்ம வீடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நோட்டீஸ் இன்னும் அனுப்பவில்லை. விற்கும் பணத்தில் அண்ணனுக்கு ஒரு பங்கு உண்டு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "சட்டப்படி தேவையில்லையே" என்றாள். தேவையில்லைதான். எவ்வளவு என்பதில்தான் இப்போது எங்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.