கேதத்துக்கு முந்தின பேச்சு

சாவைப் பற்றிப் பேசுவதற்கென்றே சில மனிதர்கள் கூடுகிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், கேக் தின்கிறார்கள், பேசி முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று வத்திராயிருப்பில் போய்ச் சொன்னால், கேட்பவர் சிரிப்பார். "இதற்கு ஒரு கூட்டம் வேறேயா?" என்று ஒருவர் சிரிப்பார். "பேசுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று இன்னொருவர் சிரிப்பார். முதல் மனிதர், சாவைப் பற்றி நாம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசுகிறோம் என்று நினைக்கிறார். இரண்டாமவர், அதைப் பேசவே கூடாது என்று நினைக்கிறார். விசித்திரம் என்னவென்றால், இருவர் சொல்வதும் எங்கள் சீமைக்குப் பொருந்தும்.

செய்தி என்னவோ மெய்தான். ஸ்விட்ஸர்லாந்தில் பெர்னார் கிரெட்டாஸ் என்று ஒரு சமூகவியல் அறிஞர் இருந்தார். மலைநாட்டுக் கிராமங்களின் சாவுச் சடங்குகளை ஆராய்ந்தவர். அவர் 2004-ஆம் வருஷம் நியூஷாட்டல் நகரத்தில் ஓர் உணவு விடுதியில் இத்தகைய கூட்டம் ஒன்றை முதன்முதலாகக் கூட்டினார். அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்த ஜான் அண்டர்வுட் என்ற ஆங்கிலேயர், 2011 செப்டம்பரில் லண்டனில் ஹாக்னி என்ற பகுதியில் தம் சொந்த வீட்டிலேயே சிலரைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர் வகுத்த விதிகள் சொற்பம். யாரும் உபதேசம் செய்யக் கூடாது. எந்த முடிவுக்கும் யாரையும் இழுத்துச் செல்லக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. தின்ன ஏதேனும் இருக்க வேண்டும். பிறகு பல தேசங்களிலும் ஆயிரக்கணக்கான கூட்டங்கள் அவ்வாறு நடந்தன. அண்டர்வுட் 2017-இல் திடீரென்று காலமானார். அப்போது அவருக்கு வயது 44.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஊரில் ஒரு கேதம் விழுந்தால் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. சங்கும் சேகண்டியும் கேட்ட மாத்திரத்தில், வயலில் நிற்பவன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு வந்துவிடுவான். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஒப்பாரியில் செத்தவனுடைய வரலாறு முழுவதும் வந்துவிடும். அவன் கொடுத்த சீரும் வரும், அவன் குடித்துத் தொலைத்ததும் வரும். உயிரோடு இருந்தபோது மாமியாரைப் பற்றி வாய் திறக்காத மருமகள், மாமியாருடைய பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து நாற்பது வருஷக் கணக்கைத் தீர்த்துக்கொள்வாள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாசல் பந்தலில் ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, 'நல்ல சாவு', 'அறியாச் சாவு' என்று தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அக்கிரகாரத்தில் துக்கம் காக்கும் நாட்களில் கருட புராணம் வாசிப்பது உண்டு. மற்ற நாளில் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கவே பயப்படுவார்கள். வட ஜில்லாக்களில் கருமாதிக்கு முதல் நாள் இரவு கர்ண மோட்சம் கூத்து நடத்தி, விடிய விடிய ஒரு மகாவீரனின் சாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் பேச்சுத்தான். ஆனால் இவ்வளவும் மூச்சு நின்ற பிறகு நடக்கிற பேச்சு. யாரைப் பற்றிய பேச்சோ, அவர் காதில் ஒரு வார்த்தையும் விழாது.

மூச்சு நிற்பதற்கு முன்னே என்ன நடக்கிறது என்றால், அங்கேதான் அந்த இரண்டாவது மனிதரின் சிரிப்பு வந்து நிற்கிறது. பெரியவர் படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடப்பார். உறவெல்லாம் வந்து முறைப்படி வாயில் பால் ஊற்றும். உயிர் போகாது. 'என்னவோ ஆசை பிடித்து வைத்திருக்கிறது' என்று ஒருவர் ஆரம்பிப்பார். மண்ணாசையாக இருக்கும் என்று அவருடைய வயலிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து வந்து தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். அப்புறம் பொன்னாசையோ என்று காசை உரைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள். வெளியூரில் இருக்கும் மகனை நினைக்கிறாரோ என்று அவனுக்கு ஆள் அனுப்புவார்கள். ஒரு மனிதனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று, அவன் பேசிக்கொண்டிருந்த எழுபது வருஷமும் கேட்காமல் இருந்துவிட்டு, நாக்கு மடிந்த பிற்பாடு ஊரே கூடி ஊகித்துக்கொண்டிருப்பதைச் சிறு பிராயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இந்தக் காட்சியை ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னாலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அவர் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வாரைத்தான் சொல்கிறேன். கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டியவர் என்றே அவரை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அவருடைய திருமொழியில் நாலாம் பத்தில் ஐந்தாம் திருமொழியை யாரும் அவ்வளவாகப் பிரஸ்தாபிப்பதில்லை. அதிலே ஒரு மரணப் படுக்கை வருகிறது. புண்ணில் சீழ் கட்டி, ஈ மொய்த்து அரிக்கிறது. கிடப்பவன் தாய், தகப்பன், பிள்ளை, பூமி, பெண்டாட்டி என்று மயங்குகிறான். சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள், எங்கேயாவது பணத்தைப் புதைத்து வைத்திருந்தால் சொல், சொல் என்று துளைக்கிறார்கள். அவனுக்கோ வாய் திறக்கவில்லை. ஆழ்வார் இதைப் பக்திக்காகத்தான் பாடினார். அந்த நிலை வருவதற்குள் பகவானை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் சொல்ல வந்தது. ஆனால் ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு அந்த உறவினர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து இதைப் பார்த்தாரோ!

அதே நாலாம் பத்தில் பத்தாம் திருமொழி அரங்கநாதனைப் பார்த்துப் பாடியது. அதில் ஆழ்வார் ஒரு காரியம் செய்கிறார். கடைசி நேரத்தில் உடம்பு நலிந்து புத்தி கலங்கிவிடும், அப்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகையால் அந்த நேரத்துக்கு வேண்டியதை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் என்கிறார். புத்தி தெளிவாக இருக்கும்போது சொன்ன வார்த்தை, புத்தி போன பிறகும் செல்ல வேண்டும் என்பது அவர் கேட்கிற வரம். இதைப் பக்தி என்றும் கொள்ளலாம், முன்யோசனை என்றும் கொள்ளலாம்.

பாடல் இருந்தும் ஊர் என்ன செய்தது? கசப்பான விஷயம், ஆனாலும் சரித்திரம் என்று எழுத உட்கார்ந்த பிறகு விட்டுவிட முடியாது. எங்கள் விருதுநகர் ஜில்லாவிலும் அதை அடுத்த பக்கங்களிலும் தலைக்கூத்தல் என்ற ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. தலைக்கு ஊற்றுவது என்ற சாதாரணமான குளியல் வார்த்தையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எழுந்திருக்க முடியாத கிழவரையோ கிழவியையோ, வீட்டார் தங்களுக்குள் பேசி முடிவு செய்து, குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டி அனுப்பிவிடுவது. 2010-ஆம் வருஷம் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தம் குடும்பத்தார் தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, ஓடிப்போய் உறவினர் வீட்டில் ஒளிந்துகொண்டார். தம்முடைய நிலத்தை யார் யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதும் அந்தப் பேச்சில் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயம் பத்திரிகைகளில் அடிபட்டது. 2018-இல் எடுத்த 'பாரம்' என்ற படம் இதைப் பற்றியதே. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

செய்வோர் எல்லாரும் பாதகர்கள் என்று சொல்லிவிட்டால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், மலமூத்திரம் எடுக்க ஆள் இல்லாமல், புண் ஆற மருந்தில்லாமல், இரவெல்லாம் முனகுகிற ஒரு உயிரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தவித்தவர்களும் அதில் உண்டு. கிழவரே கேட்டுக்கொண்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்டாரா இல்லையா என்பதற்குச் சாட்சி யார்? அவரைப் பற்றிய கூட்டம் நடந்தபோது அவருக்கு அங்கே இடம் இல்லை. பெரியாழ்வார் பாட்டில் உள்ள உறவினர்களாவது படுத்திருப்பவனைப் பார்த்துக் கேட்டார்கள்!

எங்கள் தெருவில் ஒரு கிழவி இருந்தாள். நெற்களத்தில் தூற்றிப் பிழைத்து நாலு பிள்ளைகளை ஆளாக்கினவள். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு, தனக்குக் கடைசிக் காலம் வந்தால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, குழாய் எதுவும் சொருகக் கூடாது, புளியமரம் இரண்டும் மகளுக்கு என்று ஆரம்பித்தாள். மூத்த மகன் பதறிப் போனான்.

"என்ன ஆத்தா, வெளக்கு வைக்கிற நேரத்துல இந்தப் பேச்சு!"

"பெறகு எந்த நேரத்துலய்யா பேசணும்? நாக்கு இழுத்துக்கிட்ட பெறகா?"

எதிர்த் திண்ணையிலிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து அவள் விழுந்தபோது, "ஆத்தா சொன்னபடி விட்டுடுவோம்" என்று சொன்னவன் இளையவன் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். 'பெத்த தாயை வைத்தியம் பார்க்காமல் சாகடித்தான்' என்ற பேச்சைத் தலையில் சுமக்க மூத்தவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளை மதுரைக்குக் கொண்டு போனார்கள். பதினோராம் நாள் வண்டியில் திரும்பி வந்தாள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டின தடம் இருந்தது. புளியமரம் மகளுக்குத்தான் போயிற்று. அதை மட்டும் மறுக்காமல் கொடுத்துவிட்டார்கள்.

அவள் வாய்மொழியாகக் கேட்டதை இப்போது சட்டமே அனுமதிக்கிறது. மீளாத நிலையில் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் சுய நினைவோடு எழுதி வைத்தால் அது செல்லும் என்று 2018 மார்ச் 9-இல் ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். முதலில் அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். ஆனாலும் மூத்தவனுடைய பயத்தைக் கோர்ட்டு போக்க முடியுமா? காகிதம் பெட்டியில் இருக்கும். சொந்தக்காரர்கள் வாசலில் இருப்பார்கள். அந்த வாசல் கூட்டமும் அவள் சொன்னதை அவள் வாயாலேயே முன்னமே கேட்டிருந்தால், இளையவன் தனியாக நின்றிருக்க மாட்டான்.

எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. சதுரகிரிக்குப் போகிற ஜனங்கள் ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாக ஏறுகிற மலை அதுதான். அந்த மலைக்கு அப்புறம் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர், குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு அது தெருவுக்குத் தெரு பரவியது. டாக்டரல்லாத அண்டை அயலார், வாத்தியார், கடைக்காரர், மாணவர் எல்லாரும் பயிற்சி பெற்று, நர்ஸோடு கூட வீடு வீடாகப் போனார்கள். படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலி எப்படி, தூக்கம் உண்டா, மனத்தில் என்ன கிடக்கிறது என்று அவரிடமே கேட்டார்கள். 2008-இல் கேரள சர்க்கார் இதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. வலிக்கு வேண்டிய மார்பின் மருந்தை 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் நாடு முழுவதும் கிடைக்காமல் அடித்திருந்தது. 2014-இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆழ்வார் பாட்டில் வரும் ஈ மொய்த்த புண்ணுக்கு, பாட்டு பிறந்த சீமையைக் காட்டிலும் மலைக்கு அப்புறத்தில் முன்னதாகக் கவனிப்பு வந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

லண்டன்காரர் கூட்டத்தை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டு வரலாமா என்றால், சில மாறுதல்கள் வேண்டியிருக்கும். கேக்குக்குப் பதிலாகச் சேவும் கருப்பட்டிக் காப்பியும் போதும். அறுவடை முடிந்து ஆள் ஓய்ந்திருக்கும் மாசம் நல்லது. திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன. கண்மாய்க் கரையில் ஆலமரத்தடி இருக்கிறது. எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்ற அவருடைய விதியை வைத்துக்கொள்ளலாம். நம் பங்குக்கு இரண்டு விதிகள் சேர்க்க வேண்டும். பத்திரத்தையும் பட்டாவையும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் எல்லாரையும் விட வயதில் மூத்தவர் யாரோ அவர் முதலில் பேச வேண்டும். அவர் முடிக்கும் வரை, 'அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்' என்று யாரும் குறுக்கே பேசக் கூடாது.