தெருக்குழாய் குளியலுக்கு யார் பில் கட்டுறாங்க?

ஹாலிவுட் படங்கள்ல பார்த்திருப்பீங்க. நியூயார்க் தெருவோரத்துல ஒரு ஃபயர் ஹைட்ரண்ட் பீய்ச்சி அடிக்கும், பசங்க அதுல ஆட்டம் போடுவாங்க. இந்தக் கூத்துக்கு யார் பில் கட்டுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குடைச்சல்.

கதை 1896 ஆகஸ்ட்ல இருந்து தொடங்கலாம். பத்து நாள் வெப்ப அலை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தாங்க, பெரும்பாலும் காத்தே வராத குடியிருப்புகள்ல இருந்த ஏழைத் தொழிலாளிகள். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அப்போ போலீஸ் போர்டு தலைவர். இலவச ஐஸ் விநியோகத்தை அவரே முன்னின்று நடத்தினார். ஹைட்ரண்ட் தண்ணியால தெருக்களைக் குளிர வெச்சாங்க. அந்தத் தண்ணி அங்கே விளையாட்டுச் சாமான் இல்லை, உயிர் காக்குற விஷயம்.

கரண்ட் செலவு? கிட்டத்தட்ட இல்லை. நியூயார்க்குக்குப் பெரும்பகுதித் தண்ணீர் கேட்ஸ்கில் மலைப்பக்கத்துலேர்ந்து புவியீர்ப்பிலேயே இறங்கி வருது. ஆனா முழுசா திறந்த ஹைட்ரண்ட் நிமிஷத்துக்கு 1,000 கேலனுக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 3,800 லிட்டர் கொட்டும். அக்கம்பக்கத்துல அழுத்தம் குறையும். அந்த நேரம் பார்த்து ஒரு வீடு தீப்பிடிச்சா? அதனால தீயணைப்பு நிலையத்துல ஸ்ப்ரே கேப் இலவசமா கொடுக்கறாங்க. மாட்டினா நிமிஷத்துக்கு சுமார் 25 கேலன்தான். வாங்க 18 வயசு ஆகணும், ஆடுற வயசு அது இல்லைங்கறது வேற கதை.

அப்போ அதே தண்ணியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டா மிச்சம்தானே? பல பூங்காக்கள் அப்படித்தான் கட்டினாங்க: தொட்டி, பம்ப், ஃபில்டர், குளோரின். தண்ணி பில் குறைஞ்சது, பம்ப் ஓடுற நேரமெல்லாம் கரண்ட் மீட்டரும் ஓடுச்சு.

2005 கோடையில, நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரிப் பூங்காவுல, இப்படி மறுசுழற்சி செய்யற ஒரு ஸ்ப்ரே பார்க்ல ஆடின குழந்தைகளுக்கும் பெரியவங்களுக்கும் வயித்துப்போக்கு. 3,000 பேருக்கு மேல. காரணம் கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி. வழக்கமான குளோரின் அளவு அதை அசைக்காது. அதுக்கப்புறம் அந்த மாநிலம், மறுசுழற்சித் தண்ணியைப் புற ஊதா விளக்கு வழியா அனுப்பியே தெளிக்கணும்னு விதி போட்டது.

அந்த விளக்கும் கரண்ட்லதான் எரியுது. ஒருமுறை தெளிச்சுட்டு சாக்கடைக்கு விடுற பழைய முறைக்கு அது தேவையே இல்லை.