யாருடைய சமூகம்?

'சமூகம் சார்ந்த சுற்றுலா' என்கிறார்கள். ஓட்டல் முதலாளி இல்லாமல் ஊர்மக்களே விருந்தாளியைத் தங்கவைப்பார்கள், ஊருக்குக் காசு வரும், பண்பாடும் பிழைக்கும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நம் நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு. அப்படியிருக்க இவர்கள் சொல்லும் சமூகம் எது? வடமலபாரின் தெய்யத்தை வைத்து இதைப் பேசலாம்.

கண்ணூர், காசர்கோடு பக்கம் ஐப்பசியிலிருந்து வைகாசிவரை காவுகளில் தெய்யம் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் வண்ணான், மலையன், வேலன், மாவிலன், புலையன் முதலான சாதியினர். எந்த வட்டாரத்தில் எந்தக் குடும்பம் கட்டுவது என்பது 'செறுஜன்மம்' என்னும் பரம்பரை உரிமை. முடி ஏறிவிட்டால் அவர் சாமி. தம்புரானும் கைகட்டி நின்று வாக்குக் கேட்டான். முடியை இறக்கினால் பழையபடி கீழ்சாதி. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தெய்யம். பொட்டன் தெய்யமோ, வழியை விடு என்று சொன்ன சங்கராச்சாரியையே மடக்கிக் கேள்வி கேட்ட புலையனின் கதை.

1986இல் கேரள அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. தெய்யத்தின் சிவந்த முகம் விளம்பரங்களில் ஏறியது. 2008இல் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலா நடைமுறைக்கு வந்தது. 2017இல் அதற்கென்று தனி மிஷன். கள் இறக்குவதையும் கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் பார்க்க இன்று ஆள் வருகிறார்கள். உழைப்பே காட்சியாகிவிட்டது.

விருந்தாளியைத் தங்கவைக்க வீடு வேணும், தோட்டம் வேணும். அது யாரிடம் இருக்கிறது? 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரருக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் உழைத்த தலித் கூலிகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது குடிசையைச் சுற்றிய மண்தான். பஞ்சாயத்துப் பகுதியில் அதிகபட்சம் 10 சென்ட். ஆகவே வாடகை ஒரு சாதிக்கும், ஆட்டம் இன்னொரு சாதிக்கும் என்று ஆவது தற்செயல் அல்ல.

காவில் தோற்றம் பாடி, முகம் எழுதி, இரவெல்லாம் நீள்வது தெய்யம். மேடைக்கு வந்தால் சில நிமிடம். நெருப்பும் முடியும் மிஞ்சுகின்றன. பொட்டனின் கேள்வி கழன்றுவிடுகிறது. வந்தவன் படம் பிடிக்கிறான், சாதியைப் படம் பிடிப்பதில்லை.

அதற்காக, 'மரபு கெட்டுப்போச்சு' என்று அழுகிற தம்புரான் கூட்டத்தோடு நான் சேரமாட்டேன். விரதம் இருந்து, தீயில் உடம்பைப் போட்டவனுக்குக் காவு அள்ளிக் கொடுத்துவிடவில்லை. சுற்றுலாக் காசு அவன் பிள்ளையைப் படிக்க வைக்குமென்றால் வரட்டும். நான் பறையடிக்கும் தெருவில் பிறந்தவன். சாவுக்கு அடிக்கமாட்டோம்னு சொன்னவங்களும், இது எங்க கலை, நாங்க விரும்புற மேடையில அடிப்போம்னு சொன்னவங்களும் எங்க தெருவிலேயே உண்டு. இரண்டும் விடுதலைக் குரல்தான், ஏன்னா இரண்டிலும் முடிவு எங்களுடையது.

தெய்யத்துக்கும் அதையே கேட்கிறேன். கூலி பேசுவது, கேமரா எங்கே நிற்கலாம் என்று சொல்வது, மேடைக்கு எது போகலாம் எது போகக்கூடாது என்று தீர்மானிப்பது, இனிமேல் கட்டமாட்டேன் என்று மறுப்பது – இவை கட்டுகிறவர்களின் உரிமையாகட்டும். அதுவரை 'சமூகச் சுற்றுலா' என்பது ஊர்த்தெருவின் சுற்றுலாதான்.