உற்பாலனம்: மானிப்பாயிலிருந்து மெல்பேர்ண் வரை

ஐம்பது வயது நிறைந்ததும், மெடிக்கெயர் அட்டை உள்ளவர்களின் வீட்டுக்கு அவுஸ்திரேலிய அரசாங்கம் ஒரு சிறு பொதி அனுப்புகிறது. 2006இல் தொடங்கிய திட்டம் இது. மலத்தில் சிறிதளவு எடுத்து, இரண்டு குழாய்களில் அடைத்துத் தபாலில் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். குடற் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிகிச்சை பலிக்கும். எங்கள் வீடுகளிலோ இந்தப் பொதி பழைய மின்சாரக் கட்டணக் கடிதங்களுக்கு அடியில் கிடக்கிறது. "அது ஏதோ கவுண்மேந்துக் கடுதாசி, தம்பி வந்து பாக்கட்டும்" என்கிறார் அம்மா. தம்பி வந்து பார்க்கிறான். இதை அம்மாவிடம் எந்தத் தமிழில் சொல்வதென்று தெரியாமல், கூச்சத்தோடு அதே இடத்தில் திரும்பவும் வைத்துவிடுகிறான்.

இதை அறியாமை என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் வருமுன் காத்தல் எங்களுக்குப் புதிய சங்கதியல்ல. ஒரு காலத்தில் அது எங்கள் மொழியிலேயே எங்கள் ஊருக்கு வந்தது. பின்னர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தக் கதையை இங்கே நினைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

அமெரிக்க மிஷனின் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டு மானிப்பாயில் அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே இன்றைய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. மாணவர்களுக்கு முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்களை அரசாங்க உத்தியோகம் இழுத்துக்கொண்டு போனது. கிராமத்தில் கிராமத்தவரோடு இருக்கக்கூடிய வைத்தியர் வேண்டுமானால் தமிழில்தான் படிப்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1862இல் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தபின் அதைச் செய்தும் காட்டினார். 1873இல் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவரிடம் பயின்றவர்கள் அறுபது பேருக்கு மேல்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். கிறீனும் அவரது மாணவர்களும் இரண்டையும் உண்டாக்கினார்கள். மவுன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857இல் தமிழில் வந்தது. 'இரண வைத்தியம்' 1867இலும் 'வைத்தியாகரம்' 1872இலும் வந்தன. தொடக்க நூல்களுள் ஒன்றான கல்வின் கட்டரின் நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பு. சுகரணவாதம் என்பது அது இயங்கும் விதம். உற்பாலனம் என்பது உடலை நோயின்றிப் பேணும் முறை. வாயில் நுழையாத பெயர்தான். ஆயினும் நோயைத் தீர்ப்பதற்கு நிகராக நோய் வராமற் காப்பதும் ஒரு கல்வி என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கிறீனுக்கு மதம் பரப்பும் நோக்கமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தாய் பிரசவிக்கும் அறையிலிருந்தே தமிழ் மருத்துவ நூல் தொடங்க வேண்டும் என்று கண்டவர்களுள் அவரும் ஒருவர்.

அவருக்குப் பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே திரும்பியது. சொற்கள் நூலகத்துக்குப் போயின. உற்பாலனம் என்ற சொல் இன்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மொழி பின்வாங்கிய இடத்தை ஓரளவுக்கு ஆட்கள் நிரப்பினார்கள். 1926இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. பின்னர் அம்முறை தீவெங்கும் பரவியது. அதன் பயனை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. கர்ப்பிணி இருக்கும் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு மருத்துவிச்சி அம்மா வருவார். பிள்ளையின் நிறையைப் பார்ப்பார். தடுப்பூசித் திகதியை நினைவூட்டுவார். மாமியாரின் பத்தியத்தோடு வாதாடுவார். வயிற்றோட்டம் பரவும் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்கு மருந்து போடுவார். அவர்கள் எங்கள் மொழி பேசினார்கள் என்பதோடு எங்கள் வீட்டுச் சங்கதியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுகாதாரம் நடந்து வந்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடையில் மருந்துகளே கப்பலேறத் தடுக்கப்பட்டபோதும், தாய்மாரைத் தேடிப்போன மருத்துவிச்சிகள் இருந்தார்கள்.

அங்கிருந்து நாங்கள் இங்கே வந்தோம். 1983க்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் டொக்டர்களும் எஞ்சினியர்களும். அவர்களுக்கு ஆங்கிலம் இருந்தது. 1983 யூலைக்குப் பின்னரும், 2009க்குப் பின்னர் படகிலும் வந்த பலருக்கு அது இருக்கவில்லை. ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், டண்டினோங் என்று நாங்கள் குடியேறிய இடங்களிலெல்லாம் நல்ல வைத்தியசாலைகள் இருந்தன. மெல்பேர்ணின் றிச்மண்டில் 1917இலேயே குழந்தை நல நிலையம் திறந்திருந்தார்கள். எல்லாம் இருந்தது, படலையைத் திறந்துகொண்டு வரும் ஆள் மட்டும் இல்லை. அந்த ஆளுக்குப் பதிலாகக் கடிதம் வந்தது.

கடிதத்தை யார் வாசிப்பது? எங்கள் பிள்ளைகள். பதினொரு வயதுப் பெண்பிள்ளை டொக்டருக்கும் தாய்க்கும் நடுவில் கதிரை போட்டு இருந்து, தாயின் மாதவிலக்கைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்ன காட்சியை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். தாய் பாதியை மறைத்தாள். பிள்ளை மீதியை விட்டுவிட்டாள். டொக்டர் எஞ்சியதற்கு மருந்து எழுதினார். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை சட்டத்திலிருந்து முற்றாக நீங்கிய 1973இலேயே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் அரசாங்கத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கிவிட்டது. இன்றும் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மெடிக்கெயர் சலுகையுள்ள சிகிச்சைக்கு டொக்டர் இலவசமாகவே அவரை அழைக்கலாம். நாங்கள் கேட்பதில்லை. "பிள்ளை இருக்கிறாள்தானே" என்கிறோம்.

இதன் விலையை வாழ்வின் ஒவ்வொரு படியிலும் கொடுக்கிறோம். கர்ப்ப காலத்தில் வரும் சலரோகம் தெற்காசியப் பெண்களிடம் அதிகம். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும். வருத்தம் போட்டுது என்று நாங்களும் மறந்துவிடுகிறோம். பிரசவத்தின் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும், பின்னர் காலந்தோறும் இரத்தம் பார்க்கச் சொல்லும் கடிதம் வாசிக்கப்படுவதில்லை. எங்கள் உடல்வாகுக்குக் குறைந்த பருமனிலேயே சலரோகமும் மாரடைப்பும் வரக்கூடும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினாலே கவனிக்க வேண்டும். சோற்றுக் கோப்பையின் அளவைப் பற்றித் தமிழில் பேசுவது ஒன்று, ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தில் பாண் துண்டுக் கணக்குப் பார்ப்பது வேறு.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசிக்கு வழிசெய்த ஆராய்ச்சி குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2007இலிருந்து பெண்பிள்ளைகளுக்கும் 2013இலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் பாடசாலையில் அது இலவசமாகப் போடப்படுகிறது. மகளுக்கு ஊசி போட ஒப்பமிடும் தாய், தன் சோதனைக்குப் போகக் கூசுகிறாள். 2022 யூலையிலிருந்து அந்தச் சோதனைக்கான மாதிரியை மறைவில் தானே எடுத்துக் கொடுக்கலாம். இருபத்தைந்திலிருந்து எழுபத்துநாலு வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்தாற் போதும். இந்த ஒரு செய்தி தமிழில் காதில் விழுந்தாலே அவளது கூச்சத்தில் பாதி போய்விடும்.

உடம்பின் கதை இதுவென்றால் மனத்தின் கதை இன்னும் கடினம். எங்கள் ஊரில் மனச்சோர்வுக்கு 'யோசனை' என்று பெயர். "யோசனையாக் கிடக்கு, நெஞ்சு எரியுது, தலை விறைக்குது" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் வயிற்று மருந்துதான் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். பின்னாளில் அவரும் அவுஸ்திரேலியாவில் அடிலெயிட்டுக்கு வந்தார். கிறீன் விட்ட இடத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தொடர்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென மெல்பேர்ணில் 1987இலும் சிட்னியில் 1988இலும் தொடங்கிய நிலையங்கள் எம்மவர் பலரைத் தாங்கியிருக்கின்றன.

கடைசிப் படி முதுமை. மறதிநோய் வந்தவர்களிடம் பின்னாளில் கற்ற மொழி முதலில் உதிர்வது பலரிடம் காணப்படுவது. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்த ஐயா, முதியோர் இல்லத்தில் தண்ணீர் கேட்பது தமிழில். அப்போது ஆங்கிலம் தெரிந்த எங்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அழிந்துவிடும். எல்லோருமே ஒருநாள் தமிழ் மட்டும் தெரிந்தவர்களாகக்கூடும்.

ஆகவே இது யாரோ சில அம்மாமாரின் சங்கடமல்ல. கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் கட்டிய எங்களால், மாதத்தில் ஒருநாள் ஒரு மண்டபத்தில் முதியவர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்ல முடியாதா? எங்களிடையே தாதிமாரும் டொக்டர்களும் தாராளமாக இருக்கிறார்கள். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்கும் நாங்கள் பழக வேண்டும். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் தாய்மாருக்காகத் தமிழ் கற்றுச் சொல் தேடினார். எங்கள் தாய்மாருக்காக நாங்கள் தேட வேண்டிய சொற்கள் அவ்வளவு அதிகமல்ல. இன்று மாலை அந்தப் பொதியை எடுத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று சொல்லத் தொடங்கலாம்.