பிபிஏஆர்-காமா: கொழுப்புத் திசுவும் கல்லீரலும்

பிபிஏஆர்-காமா, செல்லின் உட்கருவில் இயங்கும் ஓர் ஏற்பிப் புரதம். பொருத்தமான மூலக்கூறு வந்து ஒட்டியதும் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கொழுப்புத் திசுவில்தான் இது மிகுதி. தூண்டப்பட்டால் பலன் கல்லீரலிலும் தெரிகிறது.

மருந்து முதலில் வந்தது. விளக்கம் பிறகுதான் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் டகேடா நிறுவனம் உருவாக்கிய சிக்ளிட்டசோன், எலிகளின் உடலில் இன்சுலினுக்கு வீரியம் கூட்டியது. 1990இல் இசபெல் இசமனும் ஸ்டீபன் கிரீனும் பிபிஏஆர் ஏற்பிக் குடும்பத்தின் முதல் உறுப்பினரான ஆல்ஃபாவை அறிவித்தனர். 1994இல் பாஸ்டனில் பீட்டர் டொன்டோனோஸ், புரூஸ் ஸ்பீகல்மன் குழு இணைப்புத் திசு செல்களில் காமாவைப் புகுத்தியது. அவை கொழுப்பு செல்களாக மாறின. சிக்ளிட்டசோன் போன்ற கிளிட்டசோன் மருந்துகள் ஒட்டும் இடம் காமாவே என்று 1995இல் கிளாக்ஸோ ஆய்வாளர்கள் காட்டினர்.

கொழுப்பு செல்லை வளர்க்கும் மருந்து சர்க்கரை நோயைத் தணிப்பது எப்படி?

விடை கொழுப்பு செல் சுரக்கும் ஹார்மோன்களில் இருந்தது. 1994இல் லெப்டினும், 1995-96இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வகங்களில் தனித்தனியாக அடிபோனெக்டினும் கண்டறியப்பட்டன. உடல் பருத்தால் லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும். அடிபோனெக்டினை கிளிட்டசோன்கள் உயர்த்துவதை 2001இல் ஒசாகா குழு காட்டியது. 2003இல் டோக்கியோவில் தகாஷி கடோவாகியின் குழு அடிபோனெக்டினுக்கான இரண்டு ஏற்பிகளை இனங்கண்டது. இரண்டாவது, கல்லீரலில் நிறைய உண்டு. அங்கே அடிபோனெக்டின் கொழுப்பை எரிக்கத் தூண்டி, குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கிறது. குதிர் நிறைந்தால் நெல் வெளியே சிந்துவதுபோல, கொழுப்புத் திசுவில் இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் படிகிறது. காமா தூண்டப்பட்டால் அந்தத் திசுவின் கொள்ளளவு கூடுகிறது.

ஃபேட்டி லிவர் முற்றி அழற்சி கண்ட 55 பேருக்கு, கலோரி குறைத்த உணவுடன் பயோகிளிட்டசோனோ வெற்று மாத்திரையோ கொடுத்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களின் கல்லீரல் கொழுப்பும் அழற்சியும் குறைந்தன. உடல் எடையோ கூடியது. அதே கல்லீரல் அழற்சி உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 247 பேரிடம் நடந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பயோகிளிட்டசோன் எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினரும் முன்னேறினர். முன்கூட்டி வகுத்த புள்ளியியல் வரம்பை அந்த வேறுபாடு எட்டவில்லை.

இழப்பும் பெரிது. கல்லீரல் செயலிழப்பால் உயிர்கள் போனதால் டிராக்ளிட்டசோன் 2000இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. உடலில் நீர் தேங்குதல், இதயச் செயலிழப்பு, எலும்பு முறிவு ஆகியவை இந்த வகை மருந்துகளின் அபாயங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் இந்தியா 2013 ஜூனில் பயோகிளிட்டசோனை நிறுத்தியது. ஜூலையிலேயே எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் அனுமதித்தது.

அதே ஆண்டில் இந்தியாவின் சைடஸ் நிறுவனம் ஆல்ஃபா, காமா இரண்டையும் தூண்டும் சரோகிளிட்டசாரை அறிமுகப்படுத்தியது. ஃபேட்டி லிவர் அழற்சிக்கும் அதைப் பயன்படுத்த இந்தியா 2020இல் அனுமதி தந்தது. 2024இல் அமெரிக்கா இந்நோய்க்கென முதன்முதலாக ஏற்ற ரெஸ்மெடிரோமும் ஓர் உட்கரு ஏற்பியையே தூண்டுகிறது. ஆனால் அது கல்லீரலில் உள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பி. கொழுப்புத் திசுவைச் சுற்றி வராமல் நேரே கல்லீரலில் வேலை செய்கிறது.